நேட்டிலிருந்து டைரக்ட் ரூட்டிங்குக்கு மாறினோம்: லோடு பேலன்சரில் ஒரு இணைப்பும் காணோம், ஆனால் தளம் ஓடுகிறது

#1 மிரர்_பொறுப்பாளர்

வணக்கம். லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்புகளை இறக்கிக்கொள்ளத் தரும் மிரர் தளம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் எல்விஎஸ் (லினக்ஸோடு வரும் சுமைப் பகிர்வு மென்பொருள்) ஓடும் லோடு பேலன்சர், அதாவது வரும் இணைப்புகளைப் பகிர்ந்து அனுப்பும் எந்திரம்; பின்னால் மூன்று சர்வர்கள். இதுவரை நேட் முறைதான்: கேள்வியும் பதிலும் இரண்டுமே லோடு பேலன்சர் வழியாக, அங்கே முகவரி மாறிப் போகும். புது வெளியீடு வரும் நாட்களில் லோடு பேலன்சரின் 1 கிகாபிட் போர்ட் நிரம்பிவிடும். பின்னால் இருக்கும் சர்வர்களுக்கோ பாதி வேலைகூட இருக்காது. அதனால்தான், பதில் சர்வரிலிருந்து நேராக வெளியே போகும் டைரக்ட் ரூட்டிங்குக்கு மாற்றினோம்.

இப்போதுள்ள அமைப்பு இது. முகவரிகளை மட்டும் இங்கே போடுவதற்காக மாற்றியிருக்கிறேன்.

ரூட்டர் 192.0.2.1
டைரக்டர் (லோடு பேலன்சர்) 192.0.2.5
வெளியுலகுக்குத் தெரியும் விஐபி (தளத்தின் பொது ஐபி முகவரி) 192.0.2.10
சர்வர்கள் 192.0.2.21, 22, 23

எல்லாம் ஒரே சுவிட்சில், ஒரே விலானில் (சுவிட்சுக்குள் பிரித்த உள் நெட்வொர்க்). எல்விஎஸ்ஸை அமைக்கும் ஐபிவிஎஸ்அட்ம் கட்டளையில் -எம் (நேட்) இருந்த இடத்தில் -ஜி (டைரக்ட் ரூட்டிங்) போட்டோம். மூன்று சர்வர்களிலும் லூப்பேக்கில் (எந்திரத்துக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் கார்டு) விஐபியை ஏற்றினோம். 21ம் 23ம் புதிதாக நிறுவியவை. 22 மட்டும் நேட் காலத்து எந்திரம், அதை அப்படியே இந்த விலானுக்குக் கொண்டுவந்தோம்.

சிக்கல் இரண்டு. முதலில் வேலை பகிர்ந்து போனது போலத் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் டைரக்டரின் இணைப்புப் பட்டியல் காலி. ஆனால் தளம் நன்றாக ஓடுகிறது, மொத்தப் போக்குவரத்தும் 23இல் மட்டும் இருக்கிறது. இரண்டாவது, பகிர்வு நடந்த நேரத்திலும் 22க்குப் போன இணைப்புகள் எல்லாம் தொங்கிப்போயின. பட்டியலில் அவை எஸ்ஒய்என்_ஆர்இசிவி (இணைப்பு தொடங்கியது, இன்னும் முழுமையாகவில்லை) நிலையிலேயே நின்று, ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுகின்றன. எங்கே பார்ப்பது?

#2 பழைய_கேபிள்

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். டைரக்ட் ரூட்டிங்கில் ஒரு பாக்கெட்டுக்கு என்ன நடக்கிறது என்று ஒருமுறை கூடவே நடந்து பார்த்தால் இரண்டும் பிடிபடும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் 198.51.100.7 என்று வைத்துக்கொள்வோம். இணைப்பைத் தொடங்கும் அவருடைய எஸ்ஒய்என் பாக்கெட் உங்கள் ரூட்டருக்கு வருகிறது. சேருமிடம் 192.0.2.10. ரூட்டருக்கு அந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டில் இருக்கிறது என்று தெரியாது. "192.0.2.10 யாரிடம் இருக்கிறது?" என்று ஏஆர்பியில் (ஒரு ஐபி எந்தக் கார்டில் என்று கேட்டறியும் நெறிமுறை) சத்தமாகக் கேட்கிறது. டைரக்டர் "என்னிடம்" என்கிறது. டைரக்டரின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரி) 52:54:00:11:22:05 என்றால், ரூட்டர் அந்த மேக்கைப் போட்டுச் சட்டகத்தை அனுப்புகிறது.

டைரக்டர் அதை வாங்கி, ஷெட்யூலரைக் கேட்டு, இது 21க்குப் போகட்டும் என்று முடிவு செய்கிறது. நேட்டாக இருந்தால் இந்த இடத்தில் சேருமிட ஐபியை 192.0.2.21 என்று மாற்றி எழுதும். டைரக்ட் ரூட்டிங்கில் ஐபி தலைப்பில் எதையும் தொடாது. மூல ஐபி வாடிக்கையாளருடையதுதான், சேருமிடம் இன்னும் விஐபிதான், போர்ட்டும் அதேதான். வெளியே சுற்றியிருக்கும் ஈதர்நெட் சட்டகத்தில் சேருமிட மேக்கை மட்டும் 52:54:00:11:22:21 என்று மாற்றி, அதே கம்பியில் திரும்ப விடுகிறது. தபால் நிலையத்தில் உறையின் மேல் எழுதியதைத் தொடாமல், எந்தத் தபால்காரரின் பையில் போடுவது என்று மட்டும் தீர்மானிப்பது மாதிரி.

21க்கு வந்த பாக்கெட்டில் சேருமிடம் 192.0.2.10. தன்னிடம் அந்த ஐபி இல்லையென்றால் அது பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அதற்காகத்தான் லூப்பேக்கில் விஐபியை வைக்கிறோம். "இது எனக்கு வந்ததுதான்" என்று கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) ஏற்றுக்கொண்டு வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸிடம் கொடுக்கிறது. பதில் போகும்போது மூல ஐபி 192.0.2.10, சேருமிடம் 198.51.100.7. இந்தப் பதில் டைரக்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக ரூட்டருக்குப் போய் வெளியேறிவிடுகிறது. வாடிக்கையாளர் தான் பேசிய முகவரியிலிருந்தே பதில் வருவதைப் பார்க்கிறார். அவருக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை.

டைரக்டர் மேக்கை மட்டும் மாற்றுகிறது, பதில் அதன் வழியாக வருவதில்லை. மீதி நிபந்தனைகள் எல்லாம் இதிலிருந்து தானாக வருபவை. மேக் முகவரி ஒரு ரூட்டரைத் தாண்டாது, அதனால் டைரக்டரும் சர்வர்களும் ஒரே லேயர் 2 துண்டில், அதாவது நடுவில் ரூட்டர் இல்லாத ஒரே நெட்வொர்க்கில், இருக்க வேண்டும். விஐபி நான்கு எந்திரங்களில் இருக்கிறது, அதனால் ஒன்று மட்டுமே ஏஆர்பியில் வாய் திறக்க வேண்டும். உங்கள் முதல் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

#3 கர்னல்_வாசகி

ஆமாம், ஏஆர்பிதான். லினக்ஸில் ஐபி முகவரி என்பது கார்டுக்குச் சொந்தமில்லை, எந்திரத்துக்குச் சொந்தம். லூப்பேக்கில் இருக்கும் ஐபிக்கு ஈத்0 (கம்பி செருகிய உண்மையான கார்டு) வழியாகக் கேள்வி வந்தாலும், "ஆம், என்னிடம் இருக்கிறது" என்று ஈத்0இன் மேக்கைக் கொடுத்துவிடும். அதுதான் இயல்பு நிலை. ஆக உங்கள் ரூட்டர் கேட்கும்போது நான்கு பேர் பதில் சொல்கிறார்கள், யாருடைய பதில் ரூட்டரின் அட்டவணையில் நின்றதோ அவருக்கே எல்லாம் போகும். இப்போது நின்றிருப்பது 23. டைரக்டரைச் சுற்றிக்கொண்டு நேராக 23க்குப் போவதால் டைரக்டரில் பட்டியல் காலி, ஆனால் தளம் ஓடுகிறது. சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டர்களில் ஏஆர்பி பதிவு இயல்பாக 4 மணி நேரம் நிற்கும். ஒரு தப்பான பதில் ஒட்டிக்கொண்டால் அரை நாள் அப்படியே போய்விடும்.

தீர்வு, சர்வர்கள் மூன்றிலும் சிஸ்சிடிஎல்லில் (கர்னலின் அமைப்புகளை மாற்றும் இடம்) இரண்டு மதிப்புகள்:

ஏஆர்பி_இக்னோர் = 1
ஏஆர்பி_அனவுன்ஸ் = 2

முதலாவது, கேள்வி எந்தக் கார்டில் வந்ததோ அந்தக் கார்டிலேயே அந்த ஐபி இருந்தால் மட்டும் பதில் சொல் என்கிறது. விஐபி லூப்பேக்கில், கேள்வி ஈத்0இல், ஆகவே பதில் இல்லை.

இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் "எல்லாம் போட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் கோளாறு" என்று வந்து கேட்கிறார்கள். 21 பதில் அனுப்ப வேண்டும், ரூட்டரின் மேக் அதன் நினைவில் இல்லை. உடனே 21 தானே ஏஆர்பியில் கேட்கும். அனுப்பவிருக்கும் பாக்கெட்டின் மூல ஐபி விஐபி என்பதால், கேள்வியிலும் "கேட்பவர் 192.0.2.10" என்றே போட்டுவிடும். ரூட்டர் அதைப் பார்த்து "ஓ, 192.0.2.10 இந்த மேக்கில் இருக்கிறதா" என்று தன் அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம். கேள்வி கேட்டதாலேயே விஐபி கைமாறிவிடுகிறது. மதிப்பு 2 வைத்தால் கேள்வியில் தன் சொந்த முகவரியான 192.0.2.21ஐப் போடும்.

எங்கே போடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கிரிப்டுகள் இவற்றை லூப்பேக் கார்டுக்குப் போடச் சொல்கின்றன. ஏஆர்பி கேள்வி லூப்பேக்கில் வருவதே இல்லை, அங்கே போட்டு ஒரு பயனும் கிடையாது. ஆல் (எல்லாக் கார்டுகளுக்கும்) என்ற இடத்திலோ ஈத்0இலோ போடுங்கள். இந்த இரண்டு மதிப்புகளுக்கும் ஆல், கார்டு இரண்டில் எது பெரியதோ அதைக் கர்னல் எடுத்துக்கொள்ளும்.

வரிசையும் முக்கியம். முதலில் சிஸ்சிடிஎல், அப்புறம் லூப்பேக்கில் விஐபி. மாற்றிச் செய்தால் இடைப்பட்ட நொடியில் ஒரு பதில் போய்விடலாம்.

பார்ப்பதற்கு: அதே விலானில் உள்ள வேறு எந்திரத்திலிருந்து 192.0.2.10க்கு ஆர்ப்பிங் (ஏஆர்பி கேள்வி அனுப்பிப் பார்க்கும் கட்டளை) அடியுங்கள், -பி தெரிவுடன். அது இல்லாவிட்டால் முதல் பதில் வந்ததும் ஆர்ப்பிங் அந்த ஒருவரிடம் மட்டும் பேச ஆரம்பித்துவிடும், மற்றவர்கள் தெரிய மாட்டார்கள்.

#4 மிரர்_பொறுப்பாளர்

ஆர்ப்பிங் அடித்தேன். ஒரு கேள்விக்கு நான்கு மேக் முகவரிகள் பதில் சொல்கின்றன: கடைசி எண் 05 (டைரக்டர்), 21, 22, 23 நான்குமே. 23இலிருந்துதான் பெரும்பாலும் முதல் பதில்.

மூன்று சர்வர்களிலும் இரண்டு மதிப்புகளையும் ஆல் இடத்தில் போட்டு, ரூட்டரில் அந்த ஒரு ஏஆர்பி பதிவை அழித்தேன். இப்போது 05 மட்டும் பதில் சொல்கிறது. டைரக்டரில் பட்டியல் நிரம்பத் தொடங்கிவிட்டது. 21க்கும் 23க்கும் சமமாகப் போகிறது. மிக்க நன்றி.

22 இன்னும் தொங்குகிறது. 22இல் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் எஸ்ஒய்என் வருகிறது, ஏதோ பதிலும் போகிறது. வாடிக்கையாளருக்கு எதுவும் சேரவில்லை.

#5 பழைய_கேபிள்

22இல் டிசிபிடம்ப்பை -இ தெரிவுடன் ஓட்டி, வெளியே போகும் பதிலின் சேருமிட மேக்கைப் பாருங்கள். அது ரூட்டருடையதா, டைரக்டருடையதா?

டைரக்டருடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். நேட் முறையில் சர்வரின் டிஃபால்ட் கேட்வே (வெளியே போகும் பாக்கெட்டுகளை ஒப்படைக்கும் எந்திரம்) கட்டாயம் டைரக்டராக இருக்க வேண்டும், ஏனென்றால் மாற்றிய முகவரியைத் திரும்ப மாற்ற பதில் அங்கே வந்தாக வேண்டும். நீங்கள் 22ஐ அப்படியே கொண்டுவந்ததாகச் சொன்னீர்கள். டைரக்ட் ரூட்டிங்கில் அந்தப் பழைய கேட்வே ஆளைக் கொன்றுவிடும். டைரக்டருக்கு ஒரு பாக்கெட் வருகிறது, அதன் மூல ஐபி 192.0.2.10. அது டைரக்டரின் சொந்த ஐபி! "என் முகவரியைப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து எவனோ வருகிறான்" என்று கர்னல் அதை மார்ஷியன் என்று முத்திரை குத்திக் கீழே போட்டுவிடும். லாக் மார்ஷியன்ஸ் அமைப்பை இயக்கியிருந்தால் கர்னலின் பதிவான டிமெசேஜில் வரி வரியாகக் காட்டும்.

22இன் கேட்வேயை 192.0.2.1 ஆக்குங்கள்.

#6 மேலடுக்கு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு நுணுக்கமும் இன்றைக்குத் தேவையா என்பது என் உண்மையான கேள்வி. இணைப்பைத் தானே வாங்கி, சர்வரிடம் தனி இணைப்பில் பேசும் பிராக்ஸியாக ஹெச்ஏபிராக்ஸியோ என்ஜின்எக்ஸோ முன்னால் வைத்தால் ஏஆர்பி இல்லை, லூப்பேக் இல்லை, கேட்வே சண்டை இல்லை. டிஎல்எஸ் மறையாக்கம் ஒரே இடத்தில் முடியும். யூஆர்எல் பார்த்துப் பிரிக்கலாம், குக்கி பார்த்து ஒரே சர்வருக்கு அனுப்பலாம், தலைப்பு சேர்க்கலாம். டைரக்ட் ரூட்டிங்கில் இதில் ஒன்றுகூட முடியாது. நான் பார்த்த இடங்களில் இதைப் போட்டவர் வேறு வேலைக்குப் போனதும் அடுத்தவருக்கு ஒன்றும் புரியாமல் கிடக்கும். புரியாத அமைப்பைவிட, கொஞ்சம் கனமான, தெளிவான அமைப்பே மேல்.

#7 கர்னல்_வாசகி

உங்கள் பட்டியலில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். டைரக்டர் உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிறது. வாடிக்கையாளரின் எஸ்ஒய்என், கோரிக்கை, ஏசிகே (தரவு கிடைத்ததற்கான ஒப்புகை), ஃபின் (இணைப்பை முடிப்பது) மட்டும் அதன் வழியாகப் போகும். சர்வர் சொல்வது எதுவும் அதற்குத் தெரியாது. டிசிபி இணைப்பை அது முடித்துத் தர முடியாது, ஆகவே டிஎல்எஸ், குக்கி, யூஆர்எல் எதுவும் சாத்தியமில்லை.

ஆனால் இந்த இழையில் பேசுவது ஐஎஸ்ஓ மிரரைப் பற்றி. கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வர் அனுப்பும் முழு அளவுச் சட்டகம் 1514 பைட். வழக்கமாக இரண்டு சட்டகங்களுக்கு ஒரு ஏசிகே வரும், நேரமுத்திரையோடு அது 66 பைட். 3028 பைட் வெளியே போனால் 66 பைட் உள்ளே வருகிறது, அதாவது சுமார் 2 சதவீதம். மூன்று சர்வர்களும் தங்கள் 1 கிகாபிட்டை முழுக்க அனுப்பினாலும் டைரக்டர் வழியாகப் போவது 65 மெகாபிட் அளவுதான். அதே இடத்தில் பிராக்ஸி வைத்தால் 3 கிகாபிட்டும் அதன் வழியாகப் போயாக வேண்டும். அவர் நேட்டை விட்டு வந்த காரணமே அதுதானே? பிராக்ஸி வைத்தால் அதே அடைப்பு திரும்பிவரும்.

இது எல்விஎஸ் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. 1998இல் வென்சாங் ஜாங் சீனாவில் எல்விஎஸ்ஸைத் தொடங்கினார். அவருடைய ஆவணமே இந்த முறை ஐபிஎம்மின் நெட் டிஸ்பாட்சர் செய்வதைப் போன்றது என்று சொல்கிறது. லோடு பேலன்சர் விற்கும் எஃப்5 நிறுவனம் இதை என்பாத் என்று அழைக்கிறது. பொதுவாக டைரக்ட் சர்வர் ரிட்டர்ன் என்று சொன்னால் துறையில் எல்லோருக்கும் புரியும். சிறிய கேள்வி, பெரிய பதில் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இது தானாக வந்து நிற்கும்.

#8 பழைய_கேபிள்

மேலடுக்கு சொல்வதும் வாசகி சொல்வதும் ஒன்றை ஒன்று வெட்டுவதில்லை. இரண்டையும் அடுக்கி வைக்கலாம். இதற்கு நல்ல உதாரணம் விக்கிப்பீடியா.

விக்கிமீடியாவின் தரவு மையங்களில் நெடுங்காலமாக முன்வாசலில் நின்றது எல்விஎஸ், அதுவும் டைரக்ட் ரூட்டிங் முறையில். அதை இயக்க பைபால் என்று பைத்தானில் அவர்களே எழுதிய மென்பொருள். சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பைபால் பார்க்கும், இல்லாததைக் கர்னலின் பட்டியலிலிருந்து எடுக்கும், விஐபியை பிஜிபி (ரூட்டர்களுக்குப் பாதை சொல்லும் நெறிமுறை) மூலம் ரூட்டருக்கு அறிவிக்கும். டிஎல்எஸ் முடிவது, குக்கி பார்ப்பது, கேஷ் எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கும் கேஷ் சர்வர்களில் நடக்கும். அவையே மேலடுக்கு சொல்லும் லேயர் 7 பிராக்ஸிகள், அதாவது கோரிக்கையின் உள்ளடக்கத்தைப் பார்ப்பவை. முன்னால் நிற்பவர் மேக்கை மாற்றுவதோடு சரி, பக்கமும் படமும் கேஷ் சர்வரிலிருந்து நேராக வெளியே போகும்.

பைபாலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. சோதனையில் எத்தனை சர்வர்கள் தோற்றாலும், ஒரு குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே போகாதபடி மீதியைப் பட்டியலில் வைத்தே இருக்கும். பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் செத்துவிட்டதாகத் தெரிந்தால், கோளாறு சோதனையிலேயே இருக்கவும் வாய்ப்பு அதிகம். இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சிய ஒன்றிரண்டும் சுமையில் விழும். சொந்தமாக ஹெல்த் செக் எழுதுகிறவர்கள் கட்டாயம் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லேயர் 2 நிபந்தனைக்கு அவர்களும் விலை கொடுத்தார்கள். சர்வர் வரிசை ஒவ்வொன்றும் தனி விலான் என்பதால், ஒவ்வொரு எல்விஎஸ் எந்திரமும் எல்லா விலானிலும் ஒரு கால் வைக்க வேண்டியிருந்தது.

#9 மிரர்_பொறுப்பாளர்

கேட்வே டைரக்டராகத்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது 22க்குப் போகும் இணைப்பு தொங்கவில்லை, ஆனால் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வருகிறது. என்ஜின்எக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 22இல் உள்ளேயே கர்ல் கட்டளையால் பக்கத்தைக் கேட்டால் 8080 போர்ட்டில் வருகிறது.

#10 கர்னல்_வாசகி

மறுப்பு வருவது நல்ல செய்தி. பதில் பாதை சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மறுப்பு முன்னாலும் போய்க்கொண்டுதான் இருந்தது. டைரக்டர் அதையும் மார்ஷியன் என்று விழுங்கியதால் உங்களுக்குத் தொங்கியது போலத் தெரிந்தது.

8080 என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நேட்டில் வெளியே 80, உள்ளே 8080 என்று மாற்றி அனுப்பலாம். டைரக்ட் ரூட்டிங்கில் டிசிபி தலைப்பையும் தொடுவதில்லை, வாடிக்கையாளர் 80க்கு அனுப்பினால் சர்வருக்கும் 80க்கே வரும். ஐபிவிஎஸ்அட்மில் சர்வர் வரியில் 8080 என்று கொடுத்தாலும், -ஜி இருந்தால் அது சத்தமில்லாமல் 80 ஆக்கிவிடும். பட்டியலைப் பாருங்கள், 192.0.2.22:80 என்றுதான் காட்டும். என்ஜின்எக்ஸ் 80இல் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஐபியில் கேட்கும்படி வைத்திருந்தால், விஐபியிலும் கேட்கச் சொல்லுங்கள். 192.0.2.22இல் மட்டும் கேட்டால் போதாது.

#11 ஜன்னல்_பிரிவு

இங்கே எல்லோரும் லினக்ஸ் சர்வர்கள் பற்றியே பேசுகிறீர்கள். பின்னால் விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. கேஎம்-டெஸ்ட் லூப்பேக் அடாப்டரை நிறுவி அதில் விஐபியை வைக்க வேண்டும். விண்டோஸ் சர்வர் 2008 முதல், ஒரு கார்டில் வந்த பாக்கெட்டை வேறு கார்டின் ஐபிக்கு ஏற்காது. அதைத் தளர்த்த நெட்எஸ்ஹெச் கட்டளையில் வீக் ஹோஸ்ட் ரிசீவை இரண்டு கார்டுகளிலும், வீக் ஹோஸ்ட் செண்டை லூப்பேக்கிலும் இயக்க வேண்டும். அந்த லூப்பேக் அடாப்டரில் கேட்வே, டிஎன்எஸ் எதையும் நிரப்பாதீர்கள்.

#12 மேலடுக்கு

விக்கிப்பீடியா உதாரணம் என் கேள்விக்கு நேரான பதில், ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு அடுக்காகப் பார்க்கும்போது எனக்கும் தெளிவாகிறது.

அடுத்தது. டைரக்டர் ஒன்றே ஒன்று, அது விழுந்தால்? அப்புறம், சர்வர் இருக்கிறதா என்று அது எப்படித் தெரிந்துகொள்ளும்? பதிலையே பார்ப்பதில்லை என்கிறீர்களே.

#13 பழைய_கேபிள்

எல்விஎஸ்ஸின் கர்னல் பகுதியான ஐபிவிஎஸ்ஸுக்கு ஹெல்த் செக் என்ற எண்ணமே கிடையாது. செத்த சர்வருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே ஒருவர் சோதித்துப் பட்டியலைத் திருத்த வேண்டும். பெரும்பாலோர் வைப்பது கீப்அலைவ்டி. அது சோதனையும் செய்யும், இரண்டு டைரக்டர்களுக்கு இடையில் யார் முதன்மை என்று தீர்மானிக்கும் விஆர்ஆர்பி நெறிமுறையும் பேசும்.

விஆர்ஆர்பியில் முதன்மை டைரக்டர் நொடிக்கு ஒருமுறை 224.0.0.18க்கு "இருக்கிறேன்" என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்புகளுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் மௌனம் என்றால் மாற்று டைரக்டர் விஐபியைத் தன் ஈத்0இல் ஏற்றி, யாரும் கேட்காமலே ஒரு ஏஆர்பி அறிவிப்பு விடும். ரூட்டர் பதிவைத் திருத்திக்கொள்ளும். இங்கே டைரக்ட் ரூட்டிங்கின் அழகு ஒன்றைக் கவனியுங்கள். டைரக்டர் விழுந்த அந்த மூன்று நான்கு நொடியிலும் சர்வரிலிருந்து வெளியே போகும் தரவு நிற்பதில்லை; கையில் இருக்கும் டிசிபி சாளரம் (ஒப்புகை வராமலே அனுப்பக்கூடிய அளவு) தீரும்வரை போகும். ஏசிகே வராமல் போனால் கொஞ்சம் தடுமாறி, மாற்று டைரக்டர் வந்ததும் தொடரும். ஆனால் மாற்று டைரக்டருக்கு "இந்த வாடிக்கையாளர் 21இல் இருக்கிறார்" என்று தெரிந்திருந்தால்தான் தொடரும். அதற்கு ஐபிவிஎஸ்ஸின் சிங்க் டீமனை இயக்க வேண்டும். அது இணைப்புப் பட்டியலை 224.0.0.81 மல்டிகாஸ்டில், யூடிபி 8848இல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இதை இயக்காமல் ஃபெயிலோவர் (மாற்று டைரக்டருக்குக் கைமாறும்) சோதனை செய்துவிட்டு "தளம் திறக்கிறது, போதும்" என்று போகிறவர்கள் உண்டு. பாதியில் இருந்த 4 ஜிபி இறக்கம் எல்லாம் அறுந்திருக்கும்.

சோதனையில் ஒரு பொறி. கீப்அலைவ்டி 192.0.2.21:80ஐத் தட்டிப் பார்த்து "நலம்" என்கிறது. ஆனால் யாரோ சர்வரை ரீபூட் செய்து, லூப்பேக்கில் விஐபி ஏறவில்லை. சோதனை பச்சை, வாடிக்கையாளரின் பாக்கெட்டோ கீழே விழுகிறது. விஐபி ஏறவில்லை என்றால் என்ஜின்எக்ஸையே எழவிடாமல், சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் ஒன்றோடு ஒன்றைக் கட்டிவையுங்கள்.

#14 கர்னல்_வாசகி

இன்னும் சில, பின்னால் தேடி வருகிறவர்களுக்காக.

லூப்பேக்கில் விஐபியை /32 (ஒரே ஒரு முகவரி) என்று மட்டும் போடுங்கள். /24 போட்டால், லூப்பேக் என்பதால் லினக்ஸ் அந்த 256 முகவரிகளும் தன்னுடையவை என்று எடுத்துக்கொள்ளும். ரூட்டருக்கு பிங் அடித்தால் சர்வர் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ளும். ரூட்டரை எடுத்துவிட்டாலும் பிங் வருகிறது என்று திகைக்க வேண்டாம்.

சர்வரிலிருந்தே விஐபியைக் கூப்பிட்டால் அது டைரக்டருக்குப் போகாது, அந்தச் சர்வருக்கே வரும். விஐபி அதன் லூப்பேக்கில் இருக்கிறதே. "பொதுப் பெயரில் நம் ஏபிஐயைக் கூப்பிடுகிறோம், ஏன் சுமை பகிரவில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதே காரணத்தால், தளத்தைச் சோதிக்கும்போது விலானுக்கு வெளியே இருந்து சோதியுங்கள்.

நீண்ட நேரம் பேசாமல் கிடக்கும் இணைப்புகள். ஐபிவிஎஸ் ஒரு டிசிபி இணைப்பை 900 நொடி நினைவில் வைத்திருக்கும், ஃபின் பார்த்த பின் 120 நொடி, யூடிபிக்கு 300. லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பைத் தட்டிப் பார்க்கும் பாக்கெட்) இயல்பாக 7200 நொடிக்குப் பிறகுதான் தொடங்கும். 15 நிமிடத்தில் டைரக்டர் மறந்துவிடுகிறது, கீப்அலைவ் வர 2 மணி நேரம். இடையில் பேச முயலும் தரவுத்தள இணைப்பு அறுந்துபோகும். மிரருக்கு இது பெரிய தொல்லை இல்லை; டேட்டாபேஸ் முன்னால் வைப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும்.

டைரக்டர் எண்ணும் "செயல்படும் இணைப்புகள்" ஒரு ஊகம்தான். சர்வர் அனுப்பும் ஃபின்னை அது பார்ப்பதில்லை. டபிள்யூஎல்சி ஷெட்யூலர் (எடைக்கு ஏற்ப, குறைந்த இணைப்புள்ள சர்வரைத் தேர்வது), செயல்படும் இணைப்பை 256ஆல் பெருக்கி, மற்றவற்றைக் கூட்டி, எடையோடு ஒப்பிடுகிறது. எண்கள் சர்வரில் இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை காட்டுவதோடு ஒத்துப்போகவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

வழியில் இணைப்பின் நிலையைப் பார்க்கும் ஃபயர்வால் இருந்தால், போகும் பாதியும் வரும் பாதியும் ஒரே ஃபயர்வால் வழியாகப் போக வேண்டும். எஸ்ஒய்என் பார்க்காமல் எஸ்ஒய்என்-ஏசிகேயை மட்டும் பார்க்கும் ஃபயர்வால் அதைத் தூக்கிப் போட்டுவிடும்.

#15 மேகத்தில்_இருப்பவன்

எங்களிடம் எல்லாமே கிளவுடில். அங்கே இது நடக்குமா?

#16 பழைய_கேபிள்

பொதுவாக நடக்காது. கிளவுடின் மெய்நிகர் நெட்வொர்க்கில் நீங்கள் பார்க்கும் லேயர் 2 உண்மையான சுவிட்சு இல்லை. மேக்கை மாற்றியனுப்பும் உத்தி அங்கே எடுபடாது. அஷூரின் லோடு பேலன்சரில் ஃப்ளோட்டிங் ஐபி என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் பாக்கெட் சேருமிடம் மாறாமல் வரும், சர்வரின் லூப்பேக்கில் அந்த ஐபியை நீங்களே ஏற்ற வேண்டும். இங்கே பேசிய அதே யோசனைதான்.

பெரிய இடங்கள் லேயர் 2 தளையை அவிழ்த்தது வேறு வழியில். பாக்கெட்டை அப்படியே இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பினால் எத்தனை ரூட்டர் தாண்டியும் போகலாம், பதில் நேராக வாடிக்கையாளருக்கு. எல்விஎஸ்ஸில் -ஐ போட்டால் இதுதான். பேஸ்புக் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட கட்ரான் என்ற லோடு பேலன்சர் இதையே எக்ஸ்டிபியில் (பாக்கெட்டை வந்த இடத்திலேயே வேகமாகக் கையாளும் லினக்ஸ் வசதி) செய்கிறது. கூகுளின் லோடு பேலன்சரான மேக்லெவ், ஜிஆர்இ என்ற வேறொரு பொதிப்பு முறையில் பொதிகிறது. யாஹூ பொதியாமல், டிஎஸ்சிபி என்ற சிறு புலத்தில் எந்த விஐபி என்பதைக் குறித்து அனுப்பியது. பொதிவதில் குறைந்தது 20 பைட் கூடும் என்பதால் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கவனிக்க வேண்டும். டைரக்ட் ரூட்டிங்கில் அந்தத் தலைவலி இல்லை, பாக்கெட் ஒரு பைட்கூடப் பெருக்காது.

கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஐபிவிஎஸ் என்று பார்த்துக் குழம்புபவர்களுக்கு: அதன் கியூப்-பிராக்ஸி பயன்படுத்துவது நேட் முறை. இது அல்ல.

#17 மிரர்_பொறுப்பாளர்

22இல் 80க்கு மாற்றிவிட்டேன், மூன்றிலும் இணைப்புகள் சமமாக ஓடுகின்றன. டைரக்டரின் போர்ட்டில் உள்ளே வருவதும் வெளியே போவதும் இப்போது கிட்டத்தட்ட ஒரே அளவு. ஏசிகே உள்ளே வந்து மேக் மாறி வெளியே போகிறது என்பதால் அப்படித்தானே இருக்க வேண்டும்? ரூட்டர் பக்கம் மூன்று சர்வர்களின் முழு வேகமும் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. கர்னல் புதுப்பிக்க 21ஐ இறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இறக்கங்களை அறுக்காமல் எப்படி?

#18 கர்னல்_வாசகி

ஆமாம், சரியாகவே புரிந்துகொண்டீர்கள்.

21இன் வரியை நீக்காதீர்கள், எடையை 0 ஆக்குங்கள். புதிய இணைப்பு ஒன்றும் போகாது, பழையவை தொடரும். ஐபிவிஎஸ்அட்மில் -எல்என்சி பார்த்துக்கொண்டே இருங்கள். எண்ணிக்கை குறைந்து வரும். ஆனால் டைரக்டரின் எண்ணை மட்டும் நம்பாமல், 21இல் எஸ்எஸ் போட்டு 192.0.2.10:80இல் உயிரோடு இருக்கும் இணைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் ரீபூட்.

பெர்சிஸ்டன்ஸ் (ஒரு வாடிக்கையாளரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் வசதி) இயக்கியிருந்தால் மட்டும் ஒரு மாற்றம். எடை 0 ஆன பின்னும், முன்பு 21க்குப் போன வாடிக்கையாளரின் புதிய இணைப்பு அங்கேயே போகும். எக்ஸ்பயர்_குவைசென்ட்_டெம்ப்ளேட் என்ற சிஸ்சிடிஎல்லை 1 ஆக்கினால் அது நின்றுவிடும். மிரருக்குப் பெர்சிஸ்டன்ஸ் தேவையே இல்லை, இருந்தால் எடுத்துவிடுங்கள்.

எழுந்து வந்ததும் முதலில் ஏஆர்பி மதிப்புகள் இரண்டும் இருக்கின்றனவா, அப்புறம் லூப்பேக்கில் விஐபி இருக்கிறதா, இன்னொரு எந்திரத்திலிருந்து ஆர்ப்பிங் அடித்தால் 05 மட்டும் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு எடையைத் திரும்ப ஏற்றுங்கள்.